வெள்ளரிக்காயும் அறுபது டிகிரியும்

படித்தவள் என்ற திமிர் ஏறிவிட்டால் அதை இறக்க மாத்திரை கிடையாது. எனக்கு அது ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் இறங்கியது.

கல்யாணமாகிக் கருங்கல் ஊருக்கு வந்த புதிது. நான் அறிவியல் டீச்சர், கோட்டாறு டவுனில் பிறந்தவள், சாணியைத் தெருவில் தாண்டித்தான் பழக்கம். மாமனாருக்கு இரண்டு பசுவும் வெள்ளரித் தோட்டமும் இருந்தன. அவர் பச்சைச் சாணியை அப்படியே செடிக்குப் போட்டதைப் பார்த்ததும் வகுப்பெடுத்தேன். புது வீட்டில் எனக்கொரு மதிப்பு வேண்டுமே!

"மாமா, இதுல கிருமி இருக்கு. குவிச்சுப் போட்டா சூடேறிச் சாவும்." வேளாண்மைக் கையேட்டையும் சத்தமாக வாசித்தேன்: வாரம் ஒருமுறை ஓரத்தில் உள்ளதை நடுவுக்குத் தள்ளிப் புரட்ட வேண்டும்.

"கொள்ளாம் மக்களே. இனி தோட்டம் உன் பொறுப்பு" என்று மெச்சினார் மாமா.

(பட்டாபிஷேகமே நடந்த மாதிரி நிமிர்ந்தேன்.)

பள்ளி ஆய்வகத் தெர்மாமீட்டரை இரவல் வாங்கிக் குவியலின் நடுவில் குத்தினேன். அறுபது டிகிரி! கிருமிகளுக்கு இரங்கல் கூட்டம் நடத்தாத குறைதான். புரட்டுவதா? கை நாறுமே! நடு வெந்தால் ஓரமும் வெந்திருக்கும் என்று நானே தீர்ப்பெழுதினேன். உப்புமாவைக்கூடக் கிளறாமல் இறக்காத கை அது. அந்த எருவைத்தான் கொடிகளுக்குப் போட்டேன்.

காய்த்ததும், சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு முதல் காய்களைக் காணிக்கையாகக் கொண்டுபோனோம். அந்தக் காணிக்கையை ஏலத்தில் எடுத்த பெண்கள், "சாணி போட்டதுலா, வேவிச்சுத் தின்னலாம்" என்றார்கள். என் அறிவியலுக்கு அவமானம்! ஒரு காயை எடுத்து, கழுவாமலே சேலையில் துடைத்து, சபையே பார்க்கக் கடித்தேன்.

"என் தோட்டத்துல கிருமியே கிடையாது. பச்சையாத் தின்னலாம்!"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். பெருமை தாங்காமல் குனிகிறார் என்று நினைத்தேன். (அவ்வளவு மண்டு.)

வேகவைத்துத் தின்ற ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் இரண்டாம் நாள், ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் 'பாக்டீரியா' என்று பாதி எழுதும்போதே சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினேன். அன்று நான் ஓடிய ஓட்டத்துக்குப் பதக்கமே தந்திருக்கலாம். மாலையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

மாமா கட்டில் பக்கத்தில் வந்து நின்றார்.

"மக்களே, புரட்டினியா?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். வயிறு விடவில்லை.

"இல்ல மாமா. கை நாறும்னு..."

"நீதான வாசிச்ச?" என்றார். அவர் நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை. வெட்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இன்றுவரை நான் எதையாவது அடித்துப் பேசினால் போதும். "காஸ் அடுப்ப அணைச்சாச்சு" என்றால்கூட, என் கணவர் நிதானமாகக் கேட்பார்: "அது சரி, புரட்டினியாட்டி?" என் மகள் 'அம்மா', 'அப்பா'வுக்கு அடுத்துப் பேசக் கற்றுக்கொண்ட சொல்லே அதுதான்.