கெபிக் குளத்தில் வெந்நீர்

எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்த முதல் வருடத்தில் ஒருவருக்கு மின்சாரத்தைப் பற்றித் தெரியாத விஷயமே இருக்காது. தெரியாதவை எல்லாம் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்து சேரும். நான் அந்தப் பொன்னான முதல் வருடத்தில் இருந்தேன். விழுப்புரத்தில் எங்கள் வீட்டு மிக்சி, கிரைண்டர், பக்கத்து வீட்டு டேபிள் ஃபேன் எதையும் விட்டுவைக்கவில்லை. (அந்த ஃபேன் அதற்குப் பிறகு ஒரு பக்கம் மட்டுமே திரும்பியது. அவர்கள் கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். நல்ல மனிதர்கள்.)

அப்போதுதான் திண்டிவனத்திலிருந்து சேவியர் மாமா போன் செய்தார். மாமா என்றால் என் மேரி அக்காவின் கணவர். அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் மாதாவுக்கு ஒரு சின்ன கெபி இருந்தது. பாறை போலச் சிமெண்ட் பூசிய குகை, உள்ளே மாதா சுரூபம், காலடியில் ஒரு கட்டில் அளவுக்குக் குளம். மாமாவின் அம்மா பிலோமினா அத்தைக்கு அது ஜெபம் செய்யும் இடம். மாமாவுக்கு அது மீன் தொட்டி. உப்பிய கன்னமும் கிளி மூக்கும் கொண்ட ஆரஞ்சு நிற மீன்களைச் சென்னையிலிருந்து வாங்கி வந்து விட்டிருந்தார்.

"ஜெசி, மீனுங்களுக்குக் குளுருதும்மா," என்றார்.

மார்கழிப் பனியில் மீன்களின் மேல் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் வந்துவிட்டனவாம். தண்ணீரை வெதுவெதுப்பாக வைக்கச் சொல்லியிருந்தாராம் மீன்கடைக்காரர்.

"விடியக்காலைல மட்டும் சூடு பண்ணா போதும். அதுவே ஆன் ஆவணும், அதுவே ஆஃப் ஆவணும். முக்கியமா அம்மாவுக்குத் தெரியக் கூடாது. மீனுக்கு வென்னீர் போட்டுக்கினு இருக்கேன்னு தெரிஞ்சா, 'என் முட்டி வலிக்கு ஒரு நாளாவது வென்னீர் வெச்சுக் குடுத்தியாடா'ன்னு ஆரம்பிச்சிடும். பேஜாரு."

"கவலைப்படாதீங்க மாமா, நான் டிசைன் பண்றேன்," என்றேன். (டிசைன்! ராக்கெட் விடுகிறவர்கள்கூட இவ்வளவு தைரியமாக அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.)

விழுப்புரம் கடைத்தெருவில் எலக்ட்ரிகல் கடைக்குப் போய், தோட்டத்துக் குளத்தைச் சூடு பண்ண டைமர் வேண்டும் என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த ஊர்ல ஜனங்க ஏசி கேட்டுக்கினு வர்றாங்க. நீ குளத்தைச் சூடு பண்ணப் போறியா?"

இரண்டு டைமர்களை எடுத்து வைத்தார். ஒன்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. உள்ளே பேட்டரி, பொடிப்பொடி பட்டன்கள். இன்னொன்று வட்ட டயல். சுற்றிலும் மணி எழுதி, ஓரத்தில் வரிசையாகச் சின்ன முட்கள். எந்த நேரத்தில் ஓட வேண்டுமோ அந்த முட்களை அழுத்திவிட்டால் போதும். கரண்டில் டயல் தானாகச் சுற்றும். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. டயலை வாங்கினேன். கரண்டு நின்றால் டயலும் நின்றுவிடும் என்பதை யோசிக்க நான் என்ன சாதாரண ஆளா?

இது நடந்தது தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு தலைவிரித்தாடிய வருடத்தில் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கரண்டு வந்தால்தான் தெருவில் செய்தி, போனால் செய்தியில்லை. இதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன்.

திண்டிவனம் போய், அத்தை பூசைக்குக் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் வேலையை முடித்தேன். வாளியில் வெந்நீர் போடும் ராடு இரண்டை, ஓட்டை போட்ட குழாய்க்குள் வைத்து, கெபியின் பாறைகளுக்குப் பின்னால் தெரியாமல் இறக்கினேன். அவ்வளவு பெரிய லோடை டைமர் நேரடியாகத் தாங்காது. அதனால் நடுவில் ஒரு காண்டாக்டர் போட வேண்டும் என்று மாமாவுக்கு விளக்கினேன்.

"கண்டக்டரா? எந்த ரூட்டு?" என்றார் மாமா.

காண்டாக்டர் என்பது டைமர் சொன்னால் 'டபக்' என்று ஒட்டிக்கொண்டு பெரிய கரண்டை விடும் ஒரு ஸ்விட்ச். பழைய மோட்டார் ஸ்டார்ட்டரில் இருந்து ஒன்றைக் கழற்றி வைத்திருந்தேன். அதில் ஒரு பக்கம்தான் வேலை செய்தது. எனவே இரண்டு கம்பிகளில் ஒன்றை மட்டும் அதன் வழியாக விட்டேன். எந்தக் கம்பியை? அது பிறகு வருகிறது.

அடுத்த சில வாரங்கள் மாமா போன் செய்யவில்லை. திட்டம் வெற்றி என்று எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன்.

பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம். கோயிலில் சடங்கு முடிந்து வீட்டில் விருந்து. தோட்டத்தில் பந்தல், மைக் செட், பிரியாணி, மாமாவின் சொந்தக்காரர்கள் மொத்தம். ஞானஸ்நானம் கொடுத்த பங்குச் சாமியாரும் வந்திருந்தார். நான் புதுப் பட்டுப்புடவையில், எல்லாரிடமும் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உச்சி வெயில் நேரத்தில் கெபிப் பக்கமிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"சேசுவே! தண்ணி சுடுதுடி!"

பிலோமினா அத்தை குளத்து விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் முட்டி வரைக்கும் தண்ணீரில் விட்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"முட்டி வலி எங்க போச்சுன்னே தெர்ல! மாதா புதுமை பண்ணிட்டாங்கடி!"

எங்கள் ஆட்களுக்குப் புதுமை, அதாவது அற்புதம், என்று காதில் விழுந்தால் போதும், பிரியாணியாவது ஒன்றாவது. அத்தையின் தங்கை ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து காலை விட்டார். அவருக்கு முதுகு வலி. கோலியனூரிலிருந்து வந்திருந்த பெரியப்பா செருப்பைக் கழற்றினார். ஒருவர் கூல்டிரிங்ஸ் பாட்டிலைக் காலி செய்து தண்ணீர் பிடித்தார். மைக் செட்காரர் பாட்டை மாற்றி மாதா பாட்டுப் போட்டுவிட்டார்.

ஒவ்வொரு முறை கரண்டு போனபோதும் என் கம்பீர டயல் நின்று நின்று, விடியற்காலை என்று நினைத்துக்கொண்டு நடுப்பகலுக்கு வந்து சேர்ந்திருந்தது. அதுகூடப் பரவாயில்லை. குளத்துக்குள் இரண்டு ராடு கரண்டோடு இருந்தது. அதே குளத்துக்குள் இரண்டு வயதான பெண்கள் காலை விட்டிருந்தார்கள். பெரியப்பா வேட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவதாக இறங்கப் போனார்.

மாமாவைத் தேடினேன். பந்தல் தூணைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஜல்தியா போய் ஆஃப் பண்ணு ஜெசி," என்றார், உதடு அசையாமல்.

ஆஃப் பண்ணலாம். ஆனால் ஃபேஸ் என்கிற உயிருள்ள கம்பியைத்தான் ஸ்விட்ச் வெட்ட வேண்டும். நியூட்ரலை வெட்டினால் ராடு சூடாவது நிற்குமே தவிர, அதற்குள் கரண்டு அப்படியே காத்துக்கொண்டிருக்கும். நான் எதை வெட்டும்படி வைத்தேன்? சத்தியமாக நினைவில்லை. அந்த ஒரு கணத்தில் என் டிப்ளமா, பிராக்டிகல் மார்க், எல்லாம் ஆவியாகிப் போயின.

"காலை எடுங்க! எல்லாரும் காலை எடுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

அத்தை எடுக்கவில்லை. "ஏண்டி கத்துற? நீயும் வந்து வெய்யி," என்றார்.

வீட்டுக்குள் ஓடி மெயின் ஸ்விட்சையே இழுத்துவிட்டேன். மைக் செட் பாதி வரியில் நின்றது. ஃபேன்கள் நின்றன. உள்ளே குழந்தை வீறிட்டது. வெளியே யாரோ, "கரண்டு போச்சு," என்று வழக்கமான அலுப்போடு சொன்னார்கள்.

திரும்பி வந்தபோது சாமியார் குளத்தருகே குனிந்து, தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கெபியின் பின்னால் எட்டிப் பார்த்தார். பாறை இடுக்கில் வயர் தெரிந்தது. மூச்சிரைக்க நின்ற என்னையும் பார்த்தார்.

"இந்தப் புதுமைக்கு எத்தன வாட்டும்மா?" என்றார்.

அங்கேயே, எல்லார் முன்னாலும், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ராடு, டைமர், காண்டாக்டர், மாமாவின் மீன்கள், அத்தைக்குத் தெரியக் கூடாது என்றது உட்பட. சொல்லி முடித்ததும், பாட்டிலில் தண்ணீர் பிடித்தவர் அதை மெதுவாகச் செடிக்கு ஊற்றினார். மேரி அக்கா குழந்தையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில், கையில் குழந்தை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என் கதி என்ன என்பது தெரிந்தது. நான் அழ ஆரம்பித்தேன். பட்டுப்புடவைத் தலைப்பில் மூக்கைச் சிந்தினேன்.

தெருக்கோடியில் இருந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்ததில், நான் வெட்டும்படி வைத்திருந்தது நியூட்ரலைத்தான் என்று தெரிந்தது. நல்லவேளையாக ராடிலிருந்து தண்ணீருக்குள் எங்கேயும் கரண்டு கசியவில்லை.

இதைக் கேட்டதும் பிலோமினா அத்தை துண்டால் காலைத் துடைத்துக்கொண்டே தீர்ப்பு சொன்னார்: "இவ்ளோ கரண்டு இருந்தும் எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆவல பாரு. இது புதுமை இல்லாம வேற இன்னாவாம்?"

சாமியார் பிரியாணிப் பக்கம் போய்விட்டார்.

ராடுகள் குளத்திலிருந்து வெளியேறி, அத்தையின் குளியலறை வாளிக்குப் போயின. மாமா தினமும் காலையில் அவருக்கு வெந்நீர் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடானது. மீன்களுக்கு அந்தச் சூட்டிலேயே வெள்ளைப் புள்ளி மறைந்துவிட்டது. என் டிசைனால் நன்மை அடைந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். அவர்களும் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

இரண்டு வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கூடத்தில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தது. நல்ல புழுக்கம். "ஜெசி, அந்த ஃபேனைப் போடும்மா," என்றார் அம்மா. அடக்க ஒடுக்கமாக எழுந்து ஸ்விட்ச் போர்டு பக்கம் போனேன். கை வைப்பதற்குள் மாமா, அக்கா, அத்தை, பெரியப்பா, அப்பா என்று எங்கள் ஆட்கள் மொத்தப் பேரும் ஒரே நேரத்தில் தரையிலிருந்து காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இது இந்த வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, மரியாதைக்காக அவர்களும் ஒவ்வொருவராகக் காலைத் தூக்கினார்கள்.

மாப்பிள்ளைதான் முதலில் தூக்கினார். இப்போதும் தூக்குகிறார்.