முன்னால் ஓட்டை, பின்னால் பூட்டு

காலையில் கடைக்குப் போகும்போது குருவிப் பெட்டிக்குள் இருந்த வைக்கோல், சாயங்காலம் வந்து பார்த்தால் இல்லை. ஒரு துரும்புகூட இல்லை.

சோலைமலைக்குக் கவலை பிடித்துக்கொண்டது. குருவியை நினைத்தல்ல, பலகையை நினைத்து. மனைவி மணிமேகலை கல்யாணத்தன்று உட்கார்ந்த தேக்கு மணை பரணில் சும்மாதானே கிடக்கிறது என்று, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அறுத்துப் பெட்டி செய்துவிட்டார் மனுஷன். விஷயம் தெரிந்த அன்று வீடு ரெண்டுபட்டது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு குருவியாச்சும் அதுல கூடு கட்டணும். இல்லேன்னா நான் எரியோட்டுக்கு, எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்று கெடு வைத்துவிட்டாள்.

பாவம், குருவிகள் மேல் குற்றமில்லை. ஒரு சோடி தினமும் காலையில் வைக்கோலும் நாருமாகக் கொண்டுவந்து அடைக்கத்தான் செய்தது. சாயங்காலம் பார்த்தால் பெட்டி துடைத்து வைத்ததுபோல இருந்தது.

"இது அணில் வேலையில்ல. அணிலுக்கு எதுக்கு இம்புட்டுச் சுத்தம்? மனுச வேலை!"

"எந்த மனுசன் வைக்கோலத் திருடுவான்?" என்றாள் மணிமேகலை.

"வேற யாரு, பக்கத்து வீட்டுச் சகாயராஜ்தான்! நான் பெட்டி மாட்டுன மறுநாளே அவனும் ஒண்ணு மாட்டுனான்ல? நம்ம குருவியத் தன் பக்கம் இழுக்கப் பாக்குறான்."

சோலைமலை பூட்டுக்கடைக்காரர். பெட்டியின் பின்பக்கக் கதவில் ஒரு பூட்டைப் போட்டு, சாவியை எல்லாச் சாவியோடும் சமையற்கட்டு ஆணியில் மாட்டினார்.

"முன்னால ஓட்டை, பின்னால பூட்டு! இவுக அறிவைப் பாத்தியாடி முத்துப்பேச்சி?" என்றாள் மணிமேகலை.

"நமக்கெதுக்குக்கா அந்த வம்பு" என்றபடி முத்துப்பேச்சி பாத்திரத்தைத் தேய்த்தாள். இந்த வீட்டிலும் சகாயராஜ் வீட்டிலும் அவள்தான் வேலைக்காரி. அவள் கை பட்ட இடத்தில் தூசி தங்காது.

மறுநாளும் வைக்கோல் போனது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஆனால் சகாயராஜ் வீட்டுக் குப்பைவாளியில் வைக்கோல் எட்டிப் பார்த்தது.

"அடப்பாவி, கள்ளச்சாவி! என் கடைப் பூட்டுக்கே கள்ளச்சாவியா?"

வெள்ளிக்கிழமை காலையில் வாசல் கேட்டுக்குப் போடுகிற பெரிய பூட்டைக் கொண்டுவந்து தொங்கவிட்டார். கனம் தாங்காமல் பெட்டி பின்னால் சாய்ந்தது. உள்ளேயிருந்து ஒரு குருவி அண்ணாந்து பார்த்தது. சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு, கடைக்குக்கூடப் போகாமல் காவலுக்கு உட்கார்ந்தார்.

செத்த நேரத்தில் சகாயராஜ் கை நிறைய வைக்கோலோடு கொல்லைக்குள் நுழைந்தார்.

"ஏண்ணே, இது நியாயமா? என் பெட்டி வைக்கோலு உங்க தென்னைமரத்தடியில கெடக்கு!"

"ஏப்பா, திருடுனவன் நீ! என்னையா கேக்குற?"

"நானா? என் பெட்டியும்தான் தினம் காலியாகுது! உங்க கடைப் பூட்டுதானே வாங்கிப் போட்டேன்? சாவி எங்க வீட்டு ஆணியிலதான் தொங்குது. அப்ப இன்னொரு சாவி உங்ககிட்டதானே இருக்கணும்?"

"என் தொழிலையா சந்தேகப்படுற?"

"பின்ன என்ன, குருவியா பூட்டத் தொறந்துச்சு?"

இத்தனை வருஷப் பழக்கம் வைக்கோலில் பற்றிக்கொண்டது. மணிமேகலை பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"கூடும் இல்ல, ஒண்ணும் இல்ல. இப்ப ஊரு சிரிக்குது. நான் பஸ்ஸுக்குப் போறேன்."

சோலைமலைக்கு அழுகையே வந்துவிட்டது. "மணி, செத்த பொறு..."

அப்போது விளக்குமாறும் கூடையுமாக வந்த முத்துப்பேச்சி, பெரிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"சண்டைய அப்புறம் போடுங்கண்ணே, மொதல்ல சாவியக் குடுங்க. எந்தப் பயலோ ரெண்டு பெட்டியிலயும் தினம் குப்பையத் திணிச்சிட்டுப் போறான், கூட்டி அள்ளி அள்ளி என் இடுப்பு ஒடியுது!"