நாலு டப்பா, ஒரு பதில்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் சுகம், குழாயில் தண்ணீர் வரத்து சுகம், மூன்றாம் மாடி ஏறும்போது முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை நடத்துகிறது. அங்கே நீயும் உன் மெஷின்களும் சுகமாக இருக்க வேண்டும். எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதே. நாலாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்கிற வழக்கு இன்னும் தீரவில்லை.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வருகிறாய் என்று கட்டடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் தெரியும், உனக்கு மட்டும்தான் இன்னும் தெரியாது.

எல்லாம் நீ வைத்துவிட்டுப் போன நாலு டப்பாவால் வந்தது. போன தடவை வந்தபோது, என்னதான் வேலை செய்கிறாய் என்று கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? துணி துவைக்கிற மெஷினுக்குள் இருக்கும் சில்லுக்கு அசெம்பிளி என்கிற பாஷையில் எழுதுகிறேன், பங்க்ஷனைக் கூப்பிட்டு ஆர்க்யுமென்ட் கொடுப்பேன் என்றாய். யாரோடும்மா சண்டை என்று கேட்டேன். நீ தலையில் அடித்துக்கொண்டு அடுக்களைப் பலகையில் நாலு டப்பாவை வரிசையாக வைத்தாய். பங்க்ஷன் என்றால் நம் சமையல்காரம்மா மாதிரி, கூப்பிடுகிற ஆள் நான். நான் டிப்போவில் பஸ் கழுவுகிற நேரத்தில் அவர் தன் சாவியால் திறந்து வந்து சமைத்துவிட்டுப் போகிறார், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, அதனால் சொல்ல வேண்டியதை எண்ணாகச் சீட்டில் எழுதிக் குறித்த இடத்தில் வைக்க வேண்டும். முதல் டப்பாவில் எத்தனை பேர், இரண்டாவதில் எத்தனை கரண்டி மிளகாய்த்தூள், மூன்றாவதில் எத்தனை முட்டை, நாலாவதில் எத்தனை உருளைக்கிழங்கு. டப்பா மேல் பெயர் எழுதிவிடேன் என்றேன். "பேரெல்லாம் போகாதுப்பா, இடம்தான் கணக்கு," என்றாய். நாலுக்கு மேல் ஏதாவது சொல்ல வேண்டுமானால் பக்கத்துத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டுமாம், வேலை முடிந்ததும் அடுக்கினவனே அதை எடுத்துவிட வேண்டுமாம். பதிலுக்குத் தனி டப்பா கிடையாது, அவர் அதை முதல் டப்பாவிலேயே வைப்பார், அதுவும் ஒன்றே ஒன்று. 1 என்றால் ஆயிற்று, 0 என்றால் கேஸ் தீர்ந்தது. நாலு போகும், ஒன்று வரும். உங்கள் தொழில் ரொம்பச் சிக்கனமான தொழில்.

நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று டப்பாக்களைக் கீழே இறக்கிவிட்டு, பஸ் நிறுத்துகிற பழக்கத்தில் உயரப்படி வைத்துவிட்டேன். உருளைக்கிழங்கின் ஆறு ஆள் கணக்குக்கு வந்துவிட்டது, ஆள் கணக்கின் ஒன்று உருளைக்கிழங்குக்குப் போய்விட்டது. சமையல்காரம்மா எதுவும் கேட்கவில்லை, கேட்பது பங்க்ஷனின் வேலை இல்லையாமே. சாயங்காலம் வந்து பார்த்தால் ஆறு பேருக்குச் சாப்பாடு, அதற்குள் ஒரே ஒரு உருளைக்கிழங்கு. வீணாக்க மனசு வரவில்லை, கீழே இறங்கித் தையல்காரரையும், ரிட்டயர் ஆன போஸ்ட்மேனையும், அவர்கள் வீட்டு ஆட்களையும் கூப்பிட்டேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். டப்பா மாறிப்போச்சு என்று எப்படிச் சொல்வது? என் மகள் வருகிறாள், இது ஒத்திகை என்று சொல்லிவிட்டேன். தையல்காரர் இஞ்ச் டேப் வைத்து அளந்து அந்த உருளைக்கிழங்கை ஆறாக வெட்டினார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். நம் வீட்டு நாற்காலிகள் இவ்வளவு சத்தம் போடும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் டப்பாக்களைச் சரியான வரிசையில் வைத்தேன். முதல் டப்பாவில் 6 என்று எழுதிப் போட்டேன். அது கைத்தவறு இல்லை. ஒன்பது நாள் போட்டேன், ஆனால் எல்லோரும் எல்லா நாளும் வருவார்களா, அவரவருக்கு வீடு இருக்கிறது. கடைசி இரண்டு நாள் ஆறு பேர் சாப்பாட்டையும் நானே எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தாம் நாள் காய்ச்சல் என்று வீட்டிலேயே படுத்துவிட்டேன். சமையல்காரம்மா கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அறை அறையாக எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், "நீங்கதான் அந்த ஆறு பேரா?"

மீதி அஞ்சு பேரும் வெளியே போயிருக்காங்கம்மா என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு மட்டும் எதிரில் உட்கார்ந்து நான் குடித்து முடிக்கும்வரை இருந்தார். அதற்கு எந்த டப்பாவிலும் நான் சீட்டு போடவில்லை.

இன்னொன்று. நீ தினமும் போனில் நாலு கேள்வி கேட்பாய்: மாத்திரை போட்டீங்களா, தூங்கினீங்களா, கதவைப் பூட்டினீங்களா, கேஸை அணைச்சீங்களா. வரிசை மாறாது, நானும் காதைக் கொடுக்காமலே பதில் சொல்லிப் பழகிவிட்டேன். போன வாரம் நீ மூன்றாவது இடத்தில், "தனியா இருக்கக் கஷ்டமா இருக்காப்பா?" என்று கேட்டாய். நான், "நல்லா இழுத்துப் பூட்டிட்டேம்மா," என்றேன். நீ அடுத்து கேஸைப் பற்றிக் கேட்டாய். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், இவ்வளவு நீண்டுவிட்டது. பதில் இதுதான்: ஒரு கஷ்டமும் இல்லை. உனக்கு லீவு கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். கட்டடத்து ஆட்களிடம் ரயில் ரத்து என்று ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன். என்னை நானே பார்த்துக்கொள்கிற அளவுக்கு எனக்குத் தெம்பு இருக்கிறது.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நீ கூப்பிட்டதெல்லாம் கேட்டபடி திரும்பி வரட்டும்.

இப்படிக்கு,
ஒரே ஆளாக இருக்கும் உன் அப்பா

பி.கு.: சமையல்காரம்மா தங்கை வீட்டுக்கு ஒரு மாதம் போகிறார், தன் சாவியை முதல் டப்பாவில் ஒழுங்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என் சாவி மேஜை மேல் இருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட வெளியே வந்தேன், காற்றில் கதவு சாத்தித் தானாகப் பூட்டிக்கொண்டது. இந்த வரிகளைத் தையல்காரரின் பென்சிலால் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். போன் உள்ளே அடிக்கிறது. மூன்றாவது சாவி உன்னிடம்தான் இருக்கிறது, வரும்போது எடுத்து வரவும்.