செவ்வாய் பத்து மணி, கண்ணாடி வேலை

"பத்து மணிக்கு ஒரே ஆள் ரெண்டு அறையில உக்கார முடியாதும்மா," என்று படிவத்தை மேசையின் அந்தப் பக்கம் தள்ளினார் வேதியியல் துறைத் தலைவர்.

"அதைச் சொல்லத்தான் சார் நானும் வந்தேன்," என்றாள் மாணவி.

முதலாண்டு முடித்தவள். மீதி இரண்டு ஆண்டுகளில் எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் படிக்கப் போகிறாள் என்று திட்டம் எழுதி, தலைவரிடம் கையெழுத்து வாங்கி, மாலை நாலு மணிக்குள் அலுவலகத்தில் சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மேசை கிடையாது. ஒரு வருடம் போச்சு. இப்போது மணி பதினொன்று.

திட்டத்தில் ஒரே ஒரு முடிச்சு. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கண்ணாடி வேலை வகுப்பு: குழாயைச் சூடாக்குவது, வளைப்பது, முனை மழுக்குவது. அதே செவ்வாய், அதே பத்து மணிக்கு, கணிதத் துறையில் நுண்கணிதம். கூடப் படிப்பவர்கள் கண்ணாடி வேலையை முதலாண்டிலேயே முடித்துவிட்டார்கள்; தாமதமாகச் சேர்ந்த இவளுக்கு மட்டும் அது பாக்கி. இரண்டில் ஒன்று குறைந்தாலும் பட்டம் கிடையாது.

"கண்ணாடி வேலையை மட்டும் விட்டுக் கொடுங்க சார். எங்கம்மா ஆய்வகச் சாமான் செய்யற பட்டறையில வேலை பாக்கறாங்க. எனக்குக் குழாய் வளைக்க நல்லாவே தெரியும்."

"தெரியறது வேற, படிச்சது வேற," என்றார் தலைவர்.

பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ரூல்தடி. எதற்கும் வளையாதவர் என்பதால் வந்த பெயர். அது அவர் காதுக்கும் எட்டியது. அவர் அதை விருதாக எடுத்துக்கொண்டார். இதே கல்லூரியில் மாணவராக நுழைந்து, ஆசிரியராகி, முப்பது வருடத்தில் தலைவர் நாற்காலிக்கு வந்தவர். கண்ணாடி வேலை முடிக்காதவர்களுக்குப் பட்டம் இல்லை என்ற விதி அறைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. சட்டம் போட்டவர் அவர்தான்.

"குழாய் வளைக்கறது விளையாட்டில்ல. பாத்துக்கோ." ஓர மேசையில் இருந்த பர்னரைப் பற்றவைத்து, கண்ணாடிக் குழாய்க் கட்டிலிருந்து ஒன்றை உருவிச் சூடாக்கினார். வளைத்தார். குழாய் வளைந்த இடத்தில் நசுங்கி, மூடிக்கொண்டது.

"குழாய் மட்டமானது," என்றார்.

ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல் என்று மாணவி சொல்லவில்லை. அதே கட்டிலிருந்து இன்னொரு குழாயை எடுத்து, தீயில் உருட்டி உருட்டிக் காட்டி, மெதுவாக வளைத்தாள். முழங்கை மாதிரி அழகாக மடங்கியது.

தலைவர் அதை வாங்கி இழுப்பறையில் போட்டு மூடினார். "விதியை வளைக்க மாட்டேன். ஆனா உனக்கு ஒரு வழி பண்றேன். உக்காரு."

சிவப்புப் பென்சிலைச் சீவினார். கண்ணாடி வேலையை மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளினார். அது முடியாமல் கரிம வேதியியல் செய்முறைக்குப் போகக் கூடாது. அதைக் கடைசி செமஸ்டருக்குத் தள்ளினார். செய்முறை முடியாமல் பகுப்பாய்வு வேதியியல் கிடையாது, அதையும் தள்ளினார். தாள் முடிந்துவிட்டது.

"மூணு வருஷப் படிப்புல இது நாலாவது வருஷம் சார்," என்றாள் மாணவி.

தலைவர் அழித்தார். கணித ஆசிரியரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் பாதி சாப்பாட்டில் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நுண்கணிதத்தை மதியத்துக்கு மாத்துங்க சார்."

"தாராளமா மாத்தலாம். செவ்வாய் மதியம் உங்க பிள்ளைங்க நாப்பது பேருக்கும் என்ன வகுப்பு?"

"ஆய்வுக்கூடம்."

"அப்போ ஒருத்திக்கு இருந்த கஷ்டத்தை நாப்பது பேருக்கும் பங்கு வச்சாச்சு," என்று கணித ஆசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரும்பிப் போகும் எண்ணமே அவருக்கு இல்லை. சாப்பாட்டைவிட இது ருசியாக இருந்தது.

அடுத்து, கண்ணாடி வேலை சொல்லித் தருகிறவருக்குத் தொலைபேசி. அவர் நாலு கல்லூரிக்குப் போகிறவர்.

"செவ்வாயை விட்டா வெள்ளிக்கிழமைதான் சார். காலையில ஆறு மணிக்கு வரேன்."

"காலேஜ் கேட்டையே எட்டு மணிக்குத்தானே திறப்பாங்க?"

"அது உங்க கேட்டு சார்."

தலைவர் காவலாளிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆறு மணிக்கு வருவதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை, ஆனால் இரண்டு மணிக்கே பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவேன் என்று அதன் அடியிலேயே பதில் வந்தது. இரண்டு மணிக்குப் பூட்டினால் வெள்ளி மதிய ஆய்வுக்கூடம் போச்சு. அதைத் தூக்கித் திங்களில் வைத்தால், திங்கட்கிழமை இயற்பியல்காரர்கள் அந்த அறையில் இருந்தார்கள். அவர்களை எங்கே வைப்பது என்று தலைவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மணி மூன்றடித்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. ஒரே ஒரு மோதலோடு வந்தவளின் தாளில் இப்போது ஏழு மோதல்கள். மேல்பாதி சிவப்பாகவும் கீழ்ப்பாதி அழித்து அழித்து ஓட்டையாகவும் இருந்தது.

"எனக்கு அந்த முதல் மோதலே போதும் சார்," என்றாள் மாணவி. தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஒரு வருஷம் சும்மா இருந்தா, வீட்டுல பட்டறைக்கே போயிடுன்னு சொல்லிடுவாங்க."

"குழந்தை உங்க கண்ணு முன்னாடியே வளைச்சுக் காட்டினாளாமே. ஒரு வரி எழுதிக் கொடுங்களேன்," என்றார் கணித ஆசிரியர்.

"முப்பது வருஷமா இந்தத் துறையில கண்ணாடி வேலை முடிக்காம ஒருத்தர் பட்டம் வாங்கினது கிடையாது சார். என் கையால ஆரம்பிக்கணுமா?"

"ஒருத்தர்கூடவா? பழைய பதிவேட்டைப் பாத்தீங்களா?"

"பாத்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

"பாத்துட்டா இந்தப் பொண்ணுக்கும் மனசு ஆறும்."

தலைவர் ஆவண அறைக்குச் சொல்லி அனுப்பினார். அங்கே வேலை பார்க்கும் அம்மாளை எல்லோரும் ஃபைல் அக்கா என்பார்கள். எந்த வருடத்துத் தாளும் எந்த அடுக்கில் தூங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். வந்து கதவோரம் நின்று கேட்டுக்கொண்டார்.

"கண்ணாடி வேலை பாக்கியோட பட்டம் வாங்கினவங்க. அவ்வளவுதானே சார்?"

"அவ்வளவுதான். ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. இருந்தாலும் பாத்து வாங்க."

அவர் போனதும் தலைவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. புதுத் தாள் ஒன்றை எடுத்து, தேதியிட்டு, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார்: "இதற்கு முன் எவருக்கேனும் கண்ணாடி வேலையில் சலுகை தரப்பட்டிருப்பின், அதே சலுகை இம்மாணவிக்கும் உடனே தரப்படும்." அடியில் நீளமாகக் கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்தின் வால் தாளின் விளிம்பு வரை ஓடி, ஒரு சுழி சுழித்து நின்றது.

"நாளைக்கு யாரும் என்னை நியாயம் இல்லாதவன்னு சொல்லக் கூடாது பாருங்க."

கணித ஆசிரியர் அந்தத் தாளை வாங்கி, மை காய ஊதி, மாணவி கையில் கொடுத்தார்.

மணி மூன்றே முக்கால். மூன்று ஐம்பது. மாணவி கடிகாரத்தைப் பார்த்தாள். தலைவர் சுவரில் தொங்கிய விதியைப் பார்த்தார்.

நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஃபைல் அக்கா, மூக்கில் தூசியும் கையில் தடித்த பதிவேடுமாக வந்து, அதை மேசையில் பிரித்து வைத்தார். ஓரிடத்தில் விரலை ஊன்றிக்கொண்டார். மாணவியின் கையிலிருந்த தாளை வாங்கிப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரே ஒருத்தர் இருக்கார் சார். அவருக்கும் செவ்வாய் பத்து மணிதான் இடிச்சிருக்கு, 'பிறகு முடித்துக்கொள்கிறேன்'னு எழுதிக் கொடுத்துட்டு இன்னும் முடிக்கலை. ஆனா அவர் கையெழுத்துக்கும் இதே மாதிரி வால்ல ஒரு சுழி இருக்கு சார்."