முன்னோருக்குப் போன வடிபானைகள்

அன்பு மகள் மாலிஸுக்கு,

உன் பெரியப்பா தொவுன் சொல்லச் சொல்ல உன் அண்ணி ரச்சனா எழுதுவது. புத்தர் உன்னைக் காக்கட்டும். உன் அலுவலகத்தில் எல்லோரும் சுகமாக இருக்கட்டும், முக்கியமாக இங்கே வந்து போன அந்த அதிகாரி அம்மா. என்னைப் பற்றி அவர் என்ன சொல்லியிருந்தாலும் அது உண்மைதான், கொஞ்சம் குறைத்தே சொல்லியிருப்பார்.

காலில் விழாத குறையாகக் கேட்டு, கோழி விலைக்கு வீட்டுக்கொரு வடிபானை எங்கள் ஊருக்கு வாங்கிக் கொடுத்தாய். குளத்துத் தண்ணீரை மண்பானையில் ஊற்று, கசிந்து வாளியில் தெளியும், குழாயைத் திறந்து குடி என்று நீ சொன்னது ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது. அதற்குள் முன்னோர் திருநாள் வந்துவிட்டது. பிக்குவிடம் கொடுப்பதுதானே செத்தவர்களுக்குப் போய்ச் சேரும்? உன் பாட்டி போனது அந்தக் குளத்தால்தான். வயிற்றோட்டத்தில் கிடந்து "தண்ணி, தண்ணி" என்று கேட்டாள், நானும் அதே குளத்தில் மொண்டுதான் கொடுத்தேன். இத்தனை வருஷமாக அவளுக்குச் சோறுதானே அனுப்பினோம், இந்த வருஷமாவது நல்ல தண்ணீர் குடிக்கட்டும் என்று பானையைத் தூக்கிக்கொண்டு விகாரைக்குப் போனால், பக்கத்து வீட்டு சாரத் அங்கே பானையோடு நிற்கிறான்.

"என்னண்ணே, அம்மாவுக்கா?"

"ஆமா. நீ?"

"எங்கண்ணனுக்கு. அவனும் இந்தக் குளத்துலதானே போனான்."

திரும்பிப் பார்க்கிறேன், ஊரே பானையும் கையுமாக வரிசையில் நிற்கிறது.

பிறகுதான் அந்த அம்மா சோதனைக்கு வந்தார். பானை எங்கே என்றதும் "கழுவக் குடுத்திருக்கும்மா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சாரத், "சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கு" என்றான், அவனாவது பொய் சொல்லவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கிக் களைத்துப்போன அந்த அம்மா, ஒரு வாய் தண்ணீர் கேட்டு விகாரைக்குப் போனார். கூடம் முழுக்க, சுவரிலிருந்து சுவர் வரை, நம் பானைகள்.

"சாமி, இங்க எத்தனை பிக்கு இருக்கீங்க?"

"மூணே பேரும்மா. எவ்வளவுதான் குடிக்கிறது?"

பின்னாலேயே போயிருந்த எங்கள் பக்கம் திரும்பினார். "மாலிஸ் அழுது கேட்டதாலதான் உங்க ஊருக்குக் குடுத்தோம். திங்கக்கிழமை திரும்ப வருவேன். குடிக்காத வீட்டுப் பானை அக்கரை ஊருக்குப் போயிரும். அவ பேச்சை இனிமே யாரும் கேக்க மாட்டாங்க." பக்கத்தில் நின்ற ரச்சனாவின் ஏழு மாத வயிற்றையும் பார்த்தார். அதற்கு நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

"குடுத்ததைத் திரும்ப எடுத்தா பாவமில்லையா சாமி?" என்று பெரிய பிக்குவிடம் கேட்டேன்.

"உங்கம்மாவுக்குத் தாகமெல்லாம் என்னைக்கோ தீர்ந்து போச்சு பெரியவரே. வயித்துல இருக்கிற உம்ம பேரனுக்குத்தான் இனிமே எடுக்கப் போகுது. நான் தானமா தர்றேன், தூக்கிட்டுப் போம்."

மந்திரம் ஓதித் தண்ணீர் தெளித்துக் கொடுத்தார். வரும் வழியில் நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. என் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை, எல்லோர் தோளிலும் ஒன்று இருந்தது.

இப்போது பானை வீட்டில் இருக்கிறது, அதில்தான் குடிக்கிறோம். உன் பெயரை இனிக் கெடுக்க மாட்டேன். உன் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருக்கிறது மகளே. வரும்போது முதலில் திட்டு, அப்புறம் சாப்பிடு. ஆயுள், அழகு, சுகம், பலம் நான்கும் உனக்குக் கிடைக்கட்டும்.

உன் பெரியப்பா,
தொவுன்

பின்குறிப்பு: மாலிஸ், இது ரச்சனா. மாமா மாட்டைக் கட்டப் போயிருக்கிறார். பானை வந்தது நிஜம்தான். பிக்கு மந்திரித்துத் தந்ததாம், அதனால் காவித்துணி சுற்றி, பாட்டிக்குப் படைக்கும் பலகைமேல் ஏற்றி, ஊதுபத்தி கொளுத்திக் கும்பிடுகிறார். யாரும் தொடக்கூடாது. சாரத் வீட்டிலும் இதே கதைதான். நாங்கள் இன்னும் குளத்தைத்தான் குடிக்கிறோம். திங்கட்கிழமைக்கு முன்னால் நீயே வந்து இறக்கி வை. எட்டி எடுக்க இந்த வயிற்றோடு என்னால் ஆகவில்லை.