மாப்பிள்ளையின் வெயில் வாட்ச்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மாமியார், தாங்கள் என்னை நம்பி ஒப்படைத்த வெயில் வாட்ச், மூவரும் சுகம். அங்கே தாங்களும் என் மகளும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். மூவரும் சுகம் என்றேனே, அதில் ஒருவர் மட்டும் கொஞ்சம் முந்திக்கொண்டு சுகமாக இருக்கிறார். அதை விளக்கத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் உங்கள் மாமியார் பக்கத்திலேயே நின்றுகொண்டு, நான் முன்னுரையைத் தொடங்குவதற்குள் முடிவுரையைச் சொல்லிவிடுவார்.

முதலில் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தாங்கள் ஒரு பொருளை என் கையில் கொடுத்துச் சரிசெய்யச் சொன்னது இதுதான் முதல் தடவை. உங்கள் வாஷிங் மெஷினின் கதவை நான் சரிசெய்து, அது உள்ளே இருந்த துணிகளோடு ஒரேயடியாக மூடிக்கொண்டதே, அன்றிலிருந்து நான் வரும்போதெல்லாம் ஸ்குரூ டிரைவர் காணாமல் போவதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அப்படிப்பட்டவர் போன தடவை உங்கள் அப்பா கட்டியிருந்த வாட்சையே எடுத்து நீட்டி, "மாமா, இதை நீங்கதான் பாக்கணும்" என்றபோது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். சம்பந்தியை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். அதிலும் மணிக்கட்டில் இதே வாட்ச். இதை ஓட வைக்காவிட்டால் உங்கள் முகத்தில் விழிப்பதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தேன். பின்மூடியில் நாலு திருகாணி, ஒவ்வொன்றும் கடுகில் பாதி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக வைத்தேன். நாலாவதை வைத்ததும் ஒரு தும்மல் வந்தது பாருங்கள், தும்மி முடித்துக் கண்ணைத் திறந்தால் துணி மட்டும் இருக்கிறது. யாரும் அசையக் கூடாது என்று உத்தரவு போட்டேன். உங்கள் மாமியார் சமையலறை வாசலில் ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று கரண்டியோடு நிற்க, நான் தரையில் படுத்து டார்ச் அடித்துத் தேடியதில் மூன்று அகப்பட்டன. நாலாவது, அவர் கடைக்குப் போய், போன இடத்தில் நாலு பேரிடம் என்னைப் பற்றிச் சொல்லி, திரும்பி வந்து கொண்டையை அவிழ்த்தபோது அதிலிருந்து விழுந்தது. சந்தோஷத்தில் அவரைத் தூக்கிச் சுற்றப் போனேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அது தனிக் கதை.

உள்ளே நிலவரம் மோசம் மாப்பிள்ளை. பேட்டரி கசிந்து பச்சைப் பசேலென்று துரு. தண்ணீர் போகாமல் காக்க வேண்டிய ரப்பர் வளையம் தொட்டதும் பொடிப்பொடியாகிவிட்டது. மேல் கண்ணாடி பசை விட்டு ஆடிக்கொண்டிருந்தது. விடுவேனா? பழைய டூத்பிரஷ்ஷில் வினிகரைத் தொட்டுத் துருவைத் தேய்த்தேன், வெயிலில் சார்ஜ் ஏறுகிற புதுப் பேட்டரி வாங்கிப் போட்டேன். ரப்பர் வளையத்துக்கு, சமையலறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, எண்ணெய் டப்பா மூடிக்குள் இருந்த ரப்பரை எடுத்து அளவாக வெட்டிக்கொண்டேன். டப்பா ஏன் கசிகிறது என்று உங்கள் மாமியார் இன்னும் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறார். இது நமக்குள் இருக்கட்டும். இவ்வளவும் செய்து பால்கனிச் சுவரில் வெயிலில் வைத்துக் காவல் இருந்தேன். என் வழுக்கைதான் காய்ந்ததே தவிர வாட்ச் கண்ணைத் திறக்கவில்லை. பின்மூடியை மறுபடி கழற்றிப் பார்த்தால், உள்ளே ஒரு தகடு வளைந்து பேட்டரியைத் தொடாமல் நிற்கிறது. என் விரலுக்கு அது எட்டுவதாக இல்லை.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். தங்கமான மனுஷன், ஆனால் எதைப் பார்த்தாலும் ஆர்வம் தாங்காது. நான் வாட்சோடு போய் நின்றதும், கன்னம் வீங்கி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பி ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, அதே நாற்காலியில் உங்கள் வாட்சைப் படுக்க வைத்து, மேலே விளக்கைத் திருப்பி, கொக்கி ஊசியை எடுத்து உள்ளே விட்டுத் தகட்டை ஒரு நெம்பு நெம்பினார். வீங்கிய கன்னத்துக்காரரும் வலியை மறந்து இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று வழிகாட்டினார். பிறகு டாக்டர், பல் ஓட்டையை அடைக்கிற பசையைக் கண்ணாடியைச் சுற்றி அணைகட்டுகிற மாதிரி பூசி, அது இறுகுவதற்காக ஒரு நீல விளக்கைக் காட்டினார். அந்த வெளிச்சம் வாட்சின் முகத்தில் விழுந்ததுதான் தாமதம், கறுப்புக் கட்டத்தில் எண்கள் எழுந்து நின்றன. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம். வீங்கிய கன்னத்தில் என் தோள் பட்டும் அவர் பிடியை விடவில்லை.

இங்கேதான் மாப்பிள்ளை, தங்கள் மாமனாரின் உத்தியோகம் குறுக்கே வந்தது. பிஸ்கட் டப்பாவுக்கு மூடி போடுகிற பிரிவில் நரை விழுகிற வரை நின்றவன் நான். அங்கே ஒரே சட்டம்தான்: சரக்கு உள்ளே விழுந்ததும் மூடு, யோசிக்காதே. எண்களைக் கண்டதும் என் கை என்னைக் கேட்காமல் வளையத்தை வைத்து, பின்மூடியை அழுத்தி, திருகாணிகளை முடுக்கி, மிச்சமிருந்த பசையை விளிம்பு முழுக்கப் பூசிவிட்டது. டாக்டரும் உற்சாகத்தில் விளக்கைச் சுற்றிலும் காட்டிவிட்டார். எல்லாம் முடிந்து நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் பதினொன்று பத்து. உங்கள் வாட்ச் பன்னிரண்டு பத்து என்கிறது. புதிதாக உயிர் வந்தால் அது பன்னிரண்டிலிருந்துதான் தொடங்குமாம். நேரம் மாற்றுகிற பொத்தான் எங்கே என்று தேடினோம். பசைக்கு அடியில் நிம்மதியாகத் தூங்குகிறது. திறக்க வழி உண்டா என்று கேட்டேன். டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டு, "பல்லா இருந்தா புடுங்கிடலாம் சார்" என்றார்.

ஆக, உங்கள் அப்பாவின் வாட்ச் நிமிஷம் தவறாமல் ஓடுகிறது, ஆனால் ஒரு மணி நேரம் முந்தி. இரவா பகலா என்பதிலும் அதற்கும் ஊருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. மற்றபடி குறையே கிடையாது. தண்ணீர் புகுகிறதா என்று வாளியில் போட்டு வைத்தேன். உங்கள் மாமியார் அது தெரியாமல் சோப்புத் தூளைக் கொட்டி, துணியோடு துணியாக அலசிப் பிழிந்து, கொடியில் சட்டைக்கும் துண்டுக்கும் நடுவில் கிளிப் போட்டுக் காய வைத்துவிட்டார். உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. கொடியில் தொங்கியபடியே சார்ஜும் ஏறிவிட்டது.

ஆனாலும் என் மனம் ஆறவில்லை. நம்பிக் கொடுத்தீர்கள், நான் நேரத்தையே கெடுத்துவிட்டேன். தயவுசெய்து மன்னித்துவிடுங்கள். இனிமேல் உங்கள் வீட்டுப் பொருள் எதையும் தொட மாட்டேன், இது சத்தியம். டூல்ஸ் பெட்டியைப் பரணில் ஏற்றியாகிவிட்டது.

தாங்களும் என் மகளும் நோய்நொடி இல்லாமல், கதவு திறக்க வேண்டிய நேரத்தில் திறந்து, மூட வேண்டிய நேரத்தில் மூடி, நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

அன்பு மாமனார்.

பின்குறிப்பு: இதை உறையில் போடுவதற்குள் உங்கள் மாமியார் மகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பதிலுக்கு மகளும் ஒன்றைக் கொட்டிவிட்டாள். ஊரில் இருக்கிற வாட்ச் கடைக்காரர் அத்தனை பேரும் முன்பே கையை விரித்துவிட்டார்களாம். இனி யார் தொட்டாலும் கெடுவதற்கு அதில் ஒன்றுமில்லையாம். உங்கள் வாசல் பூட்டு இறுகிக் கிடப்பது என் கண்ணில் பட்டுவிட்டதால், அந்தப் பக்கம் நான் போகாமலிருக்க இந்த வாட்சைக் கையில் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டீர்களாம். நன்றாயிருக்கிறது மாப்பிள்ளை! மேலே உள்ள மன்னிப்பும் சத்தியமும் இத்துடன் ரத்து. ஆனால் வாட்ச் ஓடுகிறது என்றதும் மகளிடமிருந்து போனைப் பிடுங்கி, "அப்பா வாட்ச்ல நம்பர் தெரியுதா மாமா?" என்று மூன்று தடவை கேட்டீர்களே, நானும் மூன்று தடவை தெரியுது தெரியுது என்றேன். நேரம் தப்பு என்றேன். "இருந்துட்டுப் போகட்டும் மாமா, ஓடுதில்ல" என்றீர்கள். அது போதும் எனக்கு. டூல்ஸ் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாட்சில் பதினொன்று அடிக்கும்போது, அதாவது ஊருக்குப் பத்து மணிக்கு, வாட்சும் நானும் பல் டாக்டரும் அவருடைய விளக்கும் உங்கள் வாசலில் இருப்போம். பூட்டைப் பார்த்துவிடலாம். அதற்குள் நீங்கள் இரண்டு பேரும் உள்ளே இருக்கப்போகிறீர்களா வெளியே இருக்கப்போகிறீர்களா என்று கலந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நான் மூடினால் மூடியதுதான்.