விதிக்காரரும் ஓயாத அழைப்பும்

"யோவ் விதி, உன் மெஷினுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு!" என்று மேனேஜர் கத்தியபோது, விதிக்காரர் தனியாக உட்கார்ந்து டப்பாச் சாப்பாட்டைத் திறந்திருந்தார்.

ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் கம்பெனி அது. 'இப்படி நடந்தால் இப்படிச் செய்' என்று கம்ப்யூட்டருக்கு விதி எழுதுவது அவர் வேலை. அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வீட்டில் யாரும் இல்லை.

அன்று காலை எழுதிய புது விதி இது: வாடிக்கையாளரின் பதிவில் ஏதாவது மாறினால் போன் போட்டு விசாரி. மெஷின் விசாரித்தது. விசாரித்ததைப் பதிவில் ஏற்றியது. பதிவு மாறிவிட்டதே! மறுபடி விசாரித்தது.

"ஊரே திட்டுது. என் பொண்டாட்டிகூட இவ்வளவு விசாரிச்சதில்லைங்கறான் ஒருத்தன்!"

"தான் செஞ்ச மாத்தத்தைப் பார்த்துத் தானே கிளம்பாதேன்னு ஒரு வரி போட்டாப் போதும் சார்."

போட்டார். கையோடு, கொடுத்த தொல்லைக்கு மன்னிப்புக் கேட்கவும் ஒரு விதி எழுதினார். விசாரித்தது பதிவில் ஏறியதும் மன்னிப்பு கிளம்பியது. மன்னிப்பு ஏறியதும் விசாரிப்பு கிளம்பியது. இரண்டும் ஒன்றையொன்று விரட்டின.

"இப்ப மன்னிப்புக் கேட்டே உயிரை எடுக்குதுய்யா! சாயங்காலத்துக்குள்ள நிக்கல, நாளைக்கு உன் சீட்டுல வேற ஆளு."

விதிக்காரருக்கு அந்த நாற்காலியும் போனால், திட்டுவதற்குக்கூட ஆள் இருக்காது.

மன்னிப்பு விதியைத் தூக்கினார். மொத்தப் பதிவையும் பார்க்காதே, பழுது தீர்ந்ததா என்ற ஒன்றை மட்டும் பார், அது மாறினால் ஒரே ஒரு தடவை கூப்பிடு என்று திருத்தினார்.

ஊர் அடங்கியது. ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவரின் எண்ணுக்கு மட்டும் அழைப்பு போய்க்கொண்டே இருந்தது.

விதிகளை வரிவரியாகப் படித்தார். பிழையே இல்லை. போனில் மெஷின் பேசும் வாசகம் விளம்பரப் பிரிவு எழுதியது. அதை அவர் கேட்டதே இல்லை. நர்ஸம்மாவின் வீட்டுக்கே போய்க் காலில் விழுந்துவிடலாம் என்று கிளம்பினார்.

நர்ஸம்மா ஒரு நாற்காலியில் குவிந்திருந்த துணியை அவசரமாக அள்ளினார்.

"உக்காருங்க தம்பி. சாப்டீங்களா?"

விதிக்காரரை அப்படி யாரும் கேட்டு நாளாகியிருந்தது.

போன் அடித்தது. நர்ஸம்மா எடுத்து, ஒரு பொத்தானை அமுக்கி வைத்துவிட்டு, காபி கொண்டுவந்தார். அவருடைய மூட்டுவலியைப் பற்றியும், இவருடைய தூக்கமின்மையைப் பற்றியும் பேசினார்கள். காபி தீர்ந்து, வெளியே விளக்குகளும் எரிந்தன. போன் அடிக்கவே இல்லை.

"நின்னுடுச்சும்மா!" விதிக்காரர் எழுந்தே விட்டார். "நான் செஞ்ச எது வேலை செஞ்சுதுன்னுதான் புரியல."

"அது, 'குறை தீர்ந்திருந்தால் ஒன்று, இப்போது பேச நேரமில்லை என்றால் இரண்டு, மீண்டும் அழைக்கிறோம்'ங்குது தம்பி; காலையிலேர்ந்து ரெண்டையே அமுக்கிட்டிருந்தேன், நீங்க வந்தப்புறம்தான் ஒண்ணை அமுக்கினேன்."